தேக்கிய லாபம்: தென்காசிச் சந்தையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

லாபம் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதியாகிவிட்டது. உபரி மதிப்பு, சுரண்டல், மூலதனத் திரட்டல் என்று கலைச்சொற்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் உண்டான லாபம் அதற்கப்புறம் என்ன ஆகிறது? யார் பிரித்துக்கொள்கிறார்கள், யார் பிரிக்காமல் வைத்துக்கொள்கிறார்கள், அப்படிப் பிரிக்காமல் வைத்தது யாருடைய சொத்து? இந்தக் கேள்விகளை ஆடிட்டர்களிடம் விட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம். தொழிற்சங்கத் தோழர்கள்கூட தீபாவளிக்கு முந்தின மாதம்தான் ஐந்தொகையைப் புரட்டுகிறார்கள். அதிலும் லாப நஷ்டக் கணக்கின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த வரிக்குப் பின்னால்தான் கதையே தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

1980களில் சில வருஷம் தென்காசியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதியவன் நான். இரும்புக் கடை, பாத்திரக் கடை, மர டிப்போ, பம்புசெட்டு, மோட்டார் உதிரிபாகம் என்று மொத்த வியாபாரக் கடைகளின் பேரேடுகள்தான் பெரும்பாலும் என் கைக்கு வரும். காய்கறிக் கமிஷன் கடைக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தக்காளி இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்குக் குப்பை. இரும்புக் கம்பியும் பித்தளை அண்டாவும் தேக்கு மரமும் கிடந்தால் கிடக்கும். சில சமயம் கிடக்கக் கிடக்க விலை ஏறும். ஆகவே இந்த வியாபாரத்தில் லாபம் பணமாகக் கண்ணில் படுவதே அபூர்வம். அது சரக்காக, கட்டிடமாக, வராக்கடனாக, இன்னொரு கம்பெனியின் பங்காக உருமாறி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆடிட்டர் பாஷையில் இதற்குப் பகிரா லாபம், காப்பு நிதி, பொது ரிசர்வ் என்று பல பெயர்கள். எங்க ஊர்க் கடைக்காரர்கள் சுருக்கமாக “உள்ள போட்டாச்சு” என்பார்கள்.

எனக்குத் ‘தேக்கியது’ என்ற சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுச் சாரலை ரசித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தத் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசியைத் தாண்டி, அணைக்கட்டு அணைக்கட்டாகக் குளங்களுக்குப் பிரிந்து, மிஞ்சியது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. விழுகிற தண்ணீரை எவனும் சண்டை போட்டுப் பார்ப்பதில்லை. எந்தக் குளத்தில் தேங்குகிறது, எந்த மடை முதலில் திறக்கிறது என்பதில்தான் வெட்டுக்குத்து. லாபத்தின் விஷயமும் அதுதான். பொருளாதாரப் பேராசிரியர்கள் ‘தேக்கம்’ என்ற சொல்லை மந்தநிலை என்ற பொருளில் புழங்குகிறார்கள். குளத்துப் பாசனக்காரனைக் கேட்டால் தேக்கம் இல்லாமல் வெள்ளாமை ஏது என்பான்.

லாபத்தைத் தேக்குவது என்பது இயற்கையான ஒன்றல்ல. அதற்கொரு வரலாறு உண்டு. 1600-இல் ஏற்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி முதல் அரை நூற்றாண்டில் நாம் இன்று புரிந்துகொள்ளும் பொருளில் கம்பெனியே அல்ல. ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் தனித்தனியாகப் பணம் திரட்டினார்கள். கப்பல் திரும்பி மிளகு விற்றதும் முதலையும் லாபத்தையும் சேர்த்துப் பங்கிட்டுவிட்டுக் கணக்கை முடித்தார்கள். பிறகு சில வருஷங்களுக்கு ஒரு கணக்கு என்று நீட்டினார்கள். 1657-இல் கிராம்வெல் கொடுத்த சாசனத்தோடுதான் முதல் நிரந்தரமாக உள்ளேயே தங்கியது. ஆள் செத்தாலும் பங்கை விற்றாலும் முதல் மட்டும் கம்பெனியை விட்டு வெளியே போகாது. ஆளில்லாத ஒரு ஆள் சொத்து சேர்க்க ஆரம்பித்தது இப்படித்தான். டச்சுக்காரர்களின் கம்பெனி இந்தப் பாடத்தை அதற்கு முன்னாலேயே கற்றிருந்தது; 1658-இல் அது போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. அந்த டச்சுக் கம்பெனியின் மூன்றெழுத்துச் சுருக்கமும் வி.ஓ.சி.தான். வரலாறு சில சமயம் இப்படிக் கேலி செய்கிறது.

ஏனென்றால் அதே துறைமுகத்தில் இரண்டரை நூற்றாண்டு கழித்து வ.உ. சிதம்பரம் பிள்ளை நடத்திய கம்பெனி தோற்றது தேக்கம் இல்லாமையால். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கூலிக்காரனும் வாங்கட்டும் என்றுதான் பங்கின் விலையை 25 ரூபாயில் வைத்தார்கள் என்று நான் வாசிக்கிறேன். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அது தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடை ஒன்றும் இனாமாகக் கொடுத்தது என்று சொல்வதுண்டு. குடையை நாம் வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குடை எந்தப் பணத்தில் வந்தது? வேறு வேறு கடல்வழிகளில் பல வருஷம் சம்பாதித்துப் பங்குதாரர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த பணம்தான் தூத்துக்குடியில் நஷ்டத்தைத் தாங்கியது. சுதேசிக் கம்பெனிக்கு அப்படி ஒரு நேற்று கிடையாது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், அடக்குமுறை பாதி வேலையைச் செய்தது, ஐந்தொகை மீதியைச் செய்தது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே வருஷம் ஜூன் 17-ஆம் தேதி செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டான். திருநெல்வேலிச் சீமையின் அரசியல் வரலாறு அந்தத் துப்பாக்கிச் சத்தத்தோடு ஒரு அத்தியாயத்தை முடித்துக்கொள்கிறது.

பொருளாதார வரலாற்றுக்கு அந்த 1911 ஒரு தொடக்கம். இதே சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் தன் மோட்டார் தொழிலை ஆரம்பித்த ஆண்டும் அதுதான். முதலில் பஸ், பிறகு மதுரையை மையமாக வைத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கும் உதிரிபாகங்களுக்கும் விற்பனை ஏஜென்சி. டி.வி.எஸ். என்றதும் இன்று மொபெட்டும் பைக்கும்தான் ஞாபகம் வருகின்றன. ஆனால் அரை நூற்றாண்டுக்கு அது அடிப்படையில் ஒரு மொத்த வியாபார நிறுவனம். எவனோ செய்த வண்டியை வாங்கி விற்று, பழுது பார்த்து, அதற்குரிய பாகங்களைச் சேமித்து வைத்து அனுப்பும் கடை. நீடித்து உழைக்கும் பொருட்களின் மொத்த வியாபாரத்தில் தேக்கிய லாபம் என்ன செய்யும் என்று பார்க்க தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பொதுமக்களுக்கு வண்டி இறக்குமதி நின்றது, பெட்ரோலுக்கு ரேஷன். கையில் பழைய உதிரிபாகம் வைத்திருந்தவன் ராஜா. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1940-இல் மிகை லாப வரி வந்தது; முதலில் 50 சதவீதம், மறுவருஷம் மூன்றில் இரண்டு பங்கு. டி.வி.எஸ். அந்தக் காலத்தில் கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியைத் தானே செய்து விற்றது. வாங்கி விற்கிற கடை செய்து விற்கிற கடையாக மாறிய இடம் இது என்று குறித்துக்கொள்ளலாம்.

பெரிய திருப்பம் 1953-இல். அந்த ஆண்டு மத்திய அரசின் தீர்வைக் கமிஷன் மோட்டார் தொழிலைப் பற்றி அறிக்கை தந்தது: பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி மட்டும் விற்கிறவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொடரலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. யாருடைய சரக்கை விற்றுப் பிழைத்தோமோ அந்த முதலாளியே ஊரை விட்டுப் போய்விட்டால் ஏஜென்ட் என்ன செய்வான்? சாதாரண ஏஜென்ட் என்றால் மூடியிருப்பான். இவர்களிடம் தேக்கம் இருந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் வரிசையாகப் பாருங்கள்: 1954-இல் லாரிகளுக்குத் தவணைக் கடன் கொடுக்க 2 லட்சம் ரூபாய் முதலோடு சுந்தரம் ஃபைனான்ஸ், 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் லூகாஸ்-டி.வி.எஸ்.; 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம்-கிளேட்டனும்; அப்புறம் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். சென்னைக்கு மேற்கே பாடியில் வயல்காடு ஆலைக்காடு ஆனது. இதெல்லாம் தேக்கிய லாபத்தால் மட்டுமே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. டன்லப், லூகாஸ், கிர்லிங், கிளேட்டன் என்று பிரிட்டிஷ் கூட்டாளிகள் தொழில்நுட்பத்தோடு பணமும் போட்டார்கள், பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்கள், கடனும் வாங்கினார்கள். ஆனால் கூட்டாளியோடு சரிசமமாக உட்காருவதற்கு ஒரு நாற்காலி வேண்டுமல்லவா, அந்த நாற்காலி வியாபாரத்தில் தேங்கிய பணம். அதனால்தான் ஆலைகள் எவ்வளவு வளர்ந்தாலும் அவற்றின் பங்குகளை வைத்திருக்கும் தாய்க் கம்பெனியாக அந்த மதுரைக் கடையே, டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸே, கடைசிவரை இருந்தது. 2020-இல் குடும்பத்தின் கிளைகள் பிரிந்துகொள்ள உடன்பட்டு, 2022-இல் அது அமலுக்கு வந்தபோதுதான் அந்தத் தேக்கம் தலைமுறைவாரியாக மடை பிரிந்தது.

மார்க்ஸ் ‘மூலதன’த்தின் மூன்றாம் பாகத்தில் வணிக மூலதனத்தின் வரலாற்றைப் பேசும்போது இரண்டு வழிகளைக் காட்டுகிறார். உற்பத்தி செய்கிறவன் வியாபாரியாகவும் முதலாளியாகவும் வளர்வது ஒன்று. அதையே மெய்யான புரட்சிகர வழி என்கிறார். வியாபாரி உற்பத்தியைத் தன் பிடிக்குள் கொண்டுவருவது மற்றது; அது பழைய முறையைத் தூக்கியெறியாமல் காப்பாற்றிக்கொண்டே போகும் என்பது அவர் கணிப்பு. 1950களில் டாப்பும் சுவீசியும் நடத்திய விவாதம் இதைச் சுற்றியும்தான் சுழன்றது. நம் மார்க்சியர்கள் பலர் இந்தச் சூத்திரத்தை அப்படியே எடுத்து, தென்னிந்திய வியாபாரிகளை எல்லாம் தரகு முதலாளி என்று ஒரே கட்டில் கட்டிப் போட்டுவிட்டார்கள். பாடியில் நடந்ததைப் பார்த்தால் இரண்டாம் வழியில் போனவன் மிக நவீன ஆலையைக் கட்டியிருக்கிறான். ஆனால் மார்க்ஸ் முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. ஆலை புதுசு, குடும்பம், பங்காளி முறை, யார் பெயரில் பங்கு என்பதெல்லாம் பழசு. சூத்திரம் சொல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும்: வியாபாரியை ஆலைப் பக்கம் தள்ளியதில் வருமான வரிச் சட்டத்துக்கும் ஒரு கை உண்டு.

1922 வருமான வரிச் சட்டத்தில் 23-ஏ என்றொரு பிரிவு. சில பேர் மட்டும் கையில் வைத்திருக்கும் கம்பெனி, லாபத்தில் 60 சதவீதத்துக்குக் குறைவாகப் பங்காதாயம் கொடுத்தால், கொடுத்ததாகவே பாவித்து வரி போடலாம் என்று 1939 வாக்கில் அது உருப்பெற்றது. நோக்கம் புரிகிறது: தனி மனிதனுக்கு வரி விகிதம் ஜாஸ்தி, பணத்தைக் கம்பெனிக்குள்ளேயே போட்டுவைத்தால் தப்பித்துக்கொள்ளலாம், அந்த ஓட்டையை அடைக்கிறார்கள். 1961 சட்டத்திலும் 104-ஆம் பிரிவாக இது தொடர்ந்தது. பிறகு உள்ளே ஒரு விதிவிலக்கு புகுந்தது: பிரதானமாகப் பொருள் உற்பத்தி செய்யும் இந்தியக் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதாவது வாங்கி விற்கிறவன் பிரித்தே ஆகவேண்டும். செய்து விற்கிறவன் தேக்கிக்கொள்ளலாம். அரசு மண்டிக்காரனின் கல்லாவைச் சந்தேகத்தோடும் ஆலைக்காரனின் கல்லாவை மரியாதையோடும் பார்த்தது. வேடிக்கை என்னவென்றால், 1975 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் இன்னொரு விதி வந்து, 10 சதவீதத்துக்கு மேல் பங்காதாயம் கொடுப்பதானால் லாபத்தில் ஒரு பகுதியை முதலில் ரிசர்வுக்குத் தள்ளிவிடு என்றது. ஒரு சட்டம் பிரி என்கிறது, ஒரு சட்டம் தேக்கு என்கிறது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் சட்டங்கள். 1987 நிதிச் சட்டம் 104-ஐ நீக்கியது. 2013 கம்பெனிச் சட்டத்தில் கட்டாய ஒதுக்கீடும் போயிற்று. இப்போது தேக்குவதும் விடுவதும் அவரவர் இஷ்டம்.

தென்காசிக்கு வருவோம். இங்கே லிமிடெட் கம்பெனிகள் குறைவு. தனிக் கடை, பங்குக் கடை இவைதான் அதிகம். ஆனால் தேக்கும் கலையில் எங்க ஊர் எந்தக் கம்பெனிக்கும் இளைத்ததில்லை. மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதி. தென்காசி பிரிட்டிஷ் சீமை. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லைத் தீர்வையை எடுத்துவிட்டது. 1904-இல் ஆரியங்காவு மலையைக் குடைந்து கொல்லம் வரை ரயில் ஓடியது. மேற்கு மலையின் மரம் கிழக்கே இறங்க வழி திறந்துவிட்டது. பின்னாளில் காட்டு மரம் குறையக் குறையத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுத் தடி வந்து இறங்கியது.

மர வியாபாரத்தில் லாபம் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். முதலாவது அளவில். உருண்டைத் தடியின் நடுவில் நூல் போட்டுச் சுற்றளவு எடுப்பார்கள். நூலை நாலாக மடித்து, அந்தக் கால்பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. பள்ளிக்கூடக் கணக்குப்படி வரவேண்டிய கன அளவில் இது ஏறத்தாழ 78.5 சதவீதம்தான். மீதி அறுப்புச் சேதாரத்துக்கு என்பது சம்பிரதாயம். நல்ல அறுப்புக்காரன் கையில் சேதாரம் குறைந்தால் குறைந்தது டிப்போவுக்கு. அறுப்புக்காரனுக்குக் கூலி அதே கூலி. இரண்டாவது இருப்பில். வருஷக் கடைசியில் இருப்புச் சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிடலாம். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய தேக்கு மரம் பேரேட்டில் பழைய விலையிலேயே கிடக்கும். இருப்புச் சரக்கு விலை ஏறியது என்பதற்காக லாபம் வந்துவிட்டதாக ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 1953-இலேயே சொல்லிவிட்டது. அது பிகானீருக்குப் போன வெள்ளிப் பாளங்களைப் பற்றிய வழக்கு. வெள்ளிக்குச் சொன்னது தேக்குக்கும் பொருந்தும். தேக்கு தேக்கியே வைக்கப்படுகிறது, அதுவும் யார் கண்ணிலும் படாமல். 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் காடுவெட்டுக்குக் கடிவாளம் போட்டபோது, இருப்பில் தடி வைத்திருந்தவர்களின் பேரேட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சொத்து மட்டும் மாறியது. மூன்றாவது இடம் ஆட்களின் எண்ணிக்கை. அதற்குப் போனஸ் சட்டத்தைப் பேச வேண்டும்.

1965 போனஸ் சட்டம் 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைக்குத்தான் பொருந்தியது. ஆகவே ஒரே கொட்டகையில் மூன்று போர்டு: ஒன்று அப்பா பெயரில், ஒன்று மகன் பெயரில், ஒன்று மருமகள் பெயரில். தூக்குகிறவன் எந்தப் போர்டிலும் கிடையாது. அவன் லோடு மேஸ்திரியின் ஆள். இந்தத் தந்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. நாங்கள் கணக்குப் பார்த்த ஒரு லிமிடெட் கம்பெனியில் போனஸ் பேச்சுவார்த்தை நடந்தபோதுதான் அதை நானே சரியாக வாசித்தேன். மொத்த லாபத்திலிருந்து தேய்மானம், வரி எல்லாம் கழித்த பிறகு, தொழிலாளிக்கு என்று பார்ப்பதற்கு முன்னால், இன்னும் இரண்டு கழிவுகள். செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்துக்கு 8.5 சதவீதம். முந்தின வருஷங்களில் பிரிக்காமல் வைத்த லாபத்துக்கு, அதாவது ரிசர்வுக்கு, 6 சதவீதம். இதெல்லாம் போக மிஞ்சியதில் 60 சதவீதத்தைத்தான் போனஸுக்குரிய தொகை என்றார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்; தொகை நானே வைத்துக்கொண்டது. பங்கு மூலதனம் 10 லட்சம், ரிசர்வ் 40 லட்சம் என்றால் கழிவு 85 ஆயிரமும் 2 லட்சத்து 40 ஆயிரமும் சேர்த்து 3 லட்சத்து 25 ஆயிரம். இப்போது கம்பெனி அந்த 40 லட்சத்தையும் போனஸ் பங்காக மாற்றிப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு பைசா உள்ளே வரவில்லை. பேரேட்டில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு எழுதியதுதான். ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து மூலதனம் 50 லட்சம். கழிவு 4 லட்சத்து 25 ஆயிரம். ஒரு லட்சம் கூடுதலாகக் கழிந்துவிட்டது. குறைந்தபட்சப் போனஸுக்கும் உச்சவரம்புக்கும் இடையில் நிற்கிற கம்பெனி என்றால் தொழிலாளிகளின் பங்கில் 60 ஆயிரம் காலி. பங்குதாரனுக்குக் கொடுப்பதற்கும் தொழிலாளிக்குக் கொடுப்பதற்கும் ஒரே பெயர், போனஸ்; ஒன்று மற்றதைத் தின்கிறது. இதை நான் விளக்கியபோது கூட இருந்த லோடுமேன் ஒருவர் கேட்டார்: “ஏ அண்ணாச்சி, நாங்க தூக்குன சரக்குல வந்த லாபந்தான அது? எங்களுக்கு அப்பவும் தரல. இப்ப அதுக்கு வட்டியும் நாங்களே கெட்டணுமாக்கும்?” நான் வாசித்த எந்த அரசியல் பொருளாதார நூலிலும் பகிரா லாபத்துக்கு இவ்வளவு கச்சிதமான விளக்கம் கிடையாது. அந்த வருஷம் பேச்சு 8.33 சதவீதத்திலேயே முடிந்தது. பின்னர் 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு போனஸ் சட்டத்தையும் தன்னுள் இழுத்துக்கொண்டது.

லாபத்தைத் தேக்க வேறு வழியே கிடையாதா என்று கேட்டால், நம்மிடமே ஒன்று இருந்தது, இருக்கிறது: மகமை. பிரான்மலையில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று. பல திசை வணிகர்கள் கூடி, தங்கள் கையால் போய்வரும் ஒவ்வொரு சரக்குச் சுமைக்கும் இவ்வளவு என்று கோயிலுக்கு ஒதுக்கிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பட்டணப் பகுடி என்று அதற்குப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் சீமையில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் நாடார் உறவின்முறைகள் இதே தர்க்கத்தை எடுத்துக்கொண்டு, மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் கிணறு, பேட்டை, அப்புறம் பள்ளிக்கூடம். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். அவர் அதைச் சாதி முன்னேற்றத்தின் கதையாகப் பார்க்கிறார். நான் அதைக் கணக்குப் புத்தகத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

கம்பெனி தேக்குவது லாபத்திலிருந்து. லாபம் என்று ஒன்று இருப்பதாக முதலாளி ஒத்துக்கொண்ட பிறகுதான் ரிசர்வ். மகமை புறப்படுவது சுமையிலிருந்து. நீ லாபத்தில் விற்றாயா நஷ்டத்தில் விற்றாயா என்று உறவின்முறை கேட்பதில்லை. மூட்டை இறங்கியதா, வை அணாவை. ஆகவே இதில் இருப்பு மதிப்பீடு, தேய்மானம், மருமகள் பெயரில் போர்டு எதுவும் செல்லாது. சேர்ந்த பணம் எவன் முதலிலும் ஏறாது. பங்கு மூலதனம் அதிகம் என்பதற்காக அதிகப் பாத்தியதையும் கிடையாது. வரிச் சட்டமும் இந்த வித்தியாசத்தைக் கடைசியில் ஒத்துக்கொண்டது. வியாபாரி வாடிக்கைக்காரனிடம் தர்மத்துக்கென்று தனியாக வசூலித்த தொகை அவனுடைய வருமானமே அல்ல என்று பிஜிலி காட்டன் மில்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1979-இல் தீர்ப்புச் சொன்னது.

மகமையைக் கொண்டாடிவிட்டுப் போய்விட முடியாது. அதற்குச் சாதி வேலி உண்டு. சுமையைத் தூக்கியவனின் வியர்வை அந்த அணாவில் இருந்தது. உறவின்முறைக் கூட்டத்தில் அவனுக்குப் பாய் போடவில்லை. பெண்களுக்கும் போடவில்லை. இன்னொன்று, பொதுத் தேக்கமும் கம்பெனி உருவம் எடுத்தால் பங்கு என்ற மடை வழியாக வெளியே போகத்தான் செய்யும். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 1990களில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் எஸ்ஸார் குழுமத்துக்கும், பிறகு சிவசங்கரன் கைக்கும் போனபோது தெற்கு மாவட்டங்களே கொதித்தன. கூட்டம் போட்டு, நிதி திரட்டிப் பங்கை மீட்க இயக்கம் நடத்தினார்கள். எழுபது வருஷம் பிரிக்காமல் உள்ளே போட்டதன் விலைதான் அந்தப் பங்கின் விலை. போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் திரும்பக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

1994-இல் தமிழ்நாடு அரசு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைத்தது. பல வருஷம் தெருவில் நின்று சங்கங்கள் வாங்கியது அது. கட்டிட மதிப்பில் 0.3 சதவீதத்தைப் பிளான் அனுமதிக்கும்போதே கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 1996-இன் மத்தியச் சட்டத்துக்குப் பிறகு அது 1 சதவீதம். கட்டுகிறவனுக்கு லாபமா நஷ்டமா என்ற பேச்சே இல்லை. தென்காசியில் வீடு கட்டுகிறவர் பஞ்சாயத்து ஆபீசிலோ நகராட்சியிலோ இந்தத் தொகையைக் கட்டும்போது “இது என்ன சார் புது வரி” என்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். கொத்தனாரும் சித்தாளும் நிலை, ஜன்னல் செய்கிற ஆசாரியும் அந்த வாரியத்தில் சேரலாம். அந்த நிலைக்கும் ஜன்னலுக்கும் உரிய தடியை டிப்போவில் லாரியிலிருந்து இறக்கியவர் 1999-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஏற்பட்ட வேறொரு வாரியத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். டிப்போவில் இறங்குகிற தடிக்கு, கன அடிக்கு இவ்வளவு என்று அவர் வாரியத்துக்கு வைக்கச் சொல்லி இதுவரை யாரும் நூல் பிடிக்கவில்லை.